சித்தப்பா எறிந்த செவ்வந்திப் பூ

என்னுடைய ஆங்கிலம் திறமான ஆங்கிலம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் எங்கள் பிள்ளை ஆறாம் நாளே வீட்டுக்கு வந்திருப்பான்.

1978ஆம் ஆண்டு ஜூலை மாதம். மெல்பேர்ணில் எலும்புக்குள் இறங்குகிற குளிர். நானும் மனைவி ரஞ்சினியும் மல்கிரேவில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். நான் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரைகிறவன். பெயர் சச்சிதானந்தன், அங்கே சச். என் தம்பி இந்திரகுமாரும் எங்களோடுதான் இருந்தான், பிஸ்கற் கொம்பனியில் வேலை. பிள்ளை பிறந்ததும் கண்ணில் மஞ்சள் தெரிகிறது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் நீல விளக்கின் கீழ் படுக்கவைத்தார்கள். ரஞ்சினி பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து பாடினாள்.

அது அவளே கட்டிய பாட்டு. இப்படித் தொடங்கும்:

ஆர் தொட்டு அழுகிறாய் அப்பு, ஆர் சொல்லி விம்முகிறாய்?
சித்தப்பா எறிஞ்சாரோ செவ்வந்திப் பூவெடுத்து?
மாமி தட்டினாவோ மாதுளம் பூவெடுத்து?
ஆரெண்டு சொல்லு ராசா, ஆத்துக்கு அங்கால துரத்திடுவம்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளை அழுதால் யாராவது ஒரு சொந்தக்காரர் மேல் பழியைப் போட வேண்டும். அவர் பூவால்தான் அடித்திருப்பார். அடித்தவரும் இல்லை, அடியும் இல்லை. பழி விழுந்தவர் அதைக் கேட்டுப் பூரித்துப்போவார். பெயர் வராதவர்தான் முகத்தை நீட்டிக்கொண்டு திரிவார். பிள்ளை பிறக்க முந்தியே இந்திரகுமார் அண்ணியிடம் மெதுவாகக் கேட்டு வைத்திருந்தான், பாட்டில் தன்னையும் போடச் சொல்லி.

ஐந்தாம் நாள் ஒரு தாதி வந்தாள். நல்ல பெண், சிரித்த முகம். எங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு குழு அமைத்திருக்கிறார்களாம், குடியேறி வந்த தாய்மாரின் பண்பாட்டைப் புரிந்துகொள்வதற்கு. தாய்மார் என்ன பாடுகிறார்கள் என்று பதிகிறார்களாம். என்னிடம் ஒரு படிவத்தைத் தந்தாள். பாட்டின் பொருள், பாட்டின் வடிவம், பாட்டில் வரும் ஆட்கள், அவர்கள் செய்வது என்ன, பாட்டின் மனநிலை என்று பதினொரு கேள்வி.

வெள்ளைக்காரர் எங்களுடைய பாட்டைக் கேட்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பேனையை எடுத்துச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். வடிவம் என்ற இடத்தில் 'விசாரித்தல்' என்று எழுதினேன். ஆட்கள்: தகப்பனின் தம்பி, தாயின் அண்ணன் மனைவி. செய்வது: எறிதல், தட்டுதல். மனநிலையை ஒரு சொல்லில் எழுதச் சொல்லியிருந்தது. பொய்க் கோபம், செல்லம், கெஞ்சல் எல்லாம் சேர்ந்த ஒரு சொல்லுக்கு நான் எங்கே போவது? 'குற்றச்சாட்டு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். தாதி வாசித்துப் பார்த்தாள். சிரித்த முகம் சிரிக்காமற் போனதை நான் கவனித்தேன், ஆனால் என் எழுத்தழகைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன். மடையன்.

அடுத்த நாள் பிள்ளையைக் கூட்டிப்போகப் புதுச் சால்வையோடு போனோம். பிள்ளையைத் தரவில்லை. மாடியில் ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். தலைவர் டொக்டர் ஹார்கிரீவ்ஸ், வெள்ளைத் தலைமயிர், கனிவான குரல். பக்கத்தில் சமூக சேவகி மிஸ் பென்லி, முன்னால் விதிப் புத்தகம். மூலையில் இரண்டு கனவான்கள். அவர்கள் கடைசிவரை வாய் திறக்கவில்லை, ஆனால் எங்களைப் பார்த்தபடியே இருந்தார்கள்.

டொக்டர் ஹார்கிரீவ்ஸ் எழுந்து நின்று பேசினார். தாங்கள் பழைய காலத்து ஆட்கள் இல்லை என்றார். முன்பென்றால் ஒரு குடியேறிய பெண் பாடினால் ஏதோ சத்தம் என்று கதவைச் சாத்தியிருப்பார்களாம். "நாங்கள் உங்கள் பண்பாட்டை மதிக்கிறோம், மிஸ்டர் சச். ஆகையால்தான் உங்கள் மனைவி பாடுவதை ஒரு சொல் விடாமல் நம்புகிறோம்."

நான் விளக்கினேன். இது வழக்கம் ஐயா, ஒருவரும் அடிக்கவில்லை என்றேன். அப்படியென்றால் உங்கள் மனைவி ஏன் யார் அடித்தது என்று கேட்கிறா என்றார். பிள்ளை அழுகிறபடியால் என்றேன். பிள்ளை ஏன் அழுகிறது என்றார். பிறந்து ஆறு நாள் ஐயா என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். தலைகீழாக வாசிக்கிற பழக்கம் என் தொழிலில் வந்தது. 'அழுகைக்கான காரணத்தைத் தகப்பனாற் கூற முடியவில்லை' என்று எழுதியிருந்தார்.

பிறகு மிஸ் பென்லி விதிகளை வாசித்தாள். பாட்டில் பெயர் சொல்லப்பட்ட எவரும் விசாரணை முடியும்வரை பிள்ளையிலிருந்து ஐம்பது அடிக்குள் வரக்கூடாது. தாய் நாளுக்கு இரண்டு தடவை வந்து பால் கொடுக்கலாம், தடவைக்கு அரை மணித்தியாலம், பாடக்கூடாது. பிள்ளை பிறந்து இருபத்தொரு நாளுக்குள் குழு ஒரு முடிவுக்கு வராவிட்டால் பிள்ளை ஒரு நல்ல குடும்பத்தின் பொறுப்பில் விடப்படும். அந்தக் குடும்பம் நாட்டுப்புறத்தில் இருக்கிறது, அவர்களிடம் குதிரைகூட இருக்கிறது என்று சொல்லி எங்களை ஆறுதற்படுத்தினாள்.

ரஞ்சினிக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. கீழே இறங்கும்போது என் கையைப் பிடித்தாள்.

"என்னவாம்? பிள்ளையை எப்ப தருவினமாம்?"

நான் என்ன சொல்ல? நான் எழுதிக் கொடுத்ததைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. ஏதோ பத்திரம் குறைகிறதாம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

இந்திரகுமார்தான் முதற் குற்றவாளி. அந்தப் பெடியன் பிள்ளையை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை, தூக்கப் பயந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவன். ஆஸ்பத்திரிக் காவற்காரன் ஒருவன் அளவு நாடாவோடு வந்து பிள்ளையின் சன்னலிலிருந்து ஐம்பது அடி அளந்து, கார் நிறுத்துகிற இடத்தில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டான். தம்பி வேலை முடிந்து பின்னேரம் பின்னேரம் அந்தக் கோட்டுக்கு இங்கால் நின்று மூன்றாம் மாடியைப் பார்ப்பான். மழை பெய்தாலும் நிற்பான். வீட்டுக்கு வந்தால் சாப்பிடமாட்டான். அண்ணி, நான் உண்மையிலேயே எறிஞ்சிருப்பனோ என்று ஒரு நாள் ரஞ்சினியைக் கேட்டான். அவள் குசினிக்குள் போய் நின்று அழுதாள்.

மாமி விவகாரம் இன்னும் மோசம். மாமி என்றால் ரஞ்சினியின் அண்ணன் மனைவி கமலினி. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலை விட்டு அசையாத மனுஷி. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறா என்று நான் சொன்னேன். குழு அதைத் தானே விசாரித்து உறுதிப்படுத்த வேண்டுமாம். தந்தி அடித்தார்கள்: ஜூலை ஒன்பதாந் திகதி இரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள், மாதுளம் பூ உங்களிடம் உண்டா. மூன்று நாளில் மறுமொழித் தந்தி வந்தது: தட்டவில்லை. பிள்ளைக்கு என்ன. மாமா மயங்கி விழுந்தார். நல்லூர் முருகனுக்கு நேர்ந்திருக்கிறோம். மிஸ் பென்லி தந்தியை இரண்டு தடவை வாசித்தாள். மாதுளம் பூவைப் பற்றிய கேள்விக்கு மறுமொழி இல்லை என்பதைச் சிவப்பு மையாற் கோடிட்டாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தாவரவியலாளரின் அறிக்கை வந்தது. செவ்வந்திப் பூ ஒன்றினால் பச்சைக் குழந்தைக்குக் காயம் உண்டாகாது, ஆனால் செவ்வந்தித் தோட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் எறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வு இல்லை என்று எழுதியிருந்தார். பாட்டில் எத்தனை பூ என்று என்னைக் கேட்டார்கள். ஒன்று என்றேன். ஒன்று என்று பாட்டில் இல்லையே என்றார் டொக்டர் ஹார்கிரீவ்ஸ், கனிவாக. கடைசி வரியில் வருகிற ஆறு எந்த ஆறு என்று விசாரித்து, மெல்பேர்ணில் ஓடுகிற யாரா நதியின் படம் ஒன்றும் கோப்பில் சேர்த்தார்கள்.

இப்படி நாள் போனது. பிள்ளை நாளெல்லாம் அழுதான். படிக்கட்டில் ஏறும்போதே எங்களுக்கு அவன் குரல் கேட்கும். ரஞ்சினி அவனை மடியில் வைத்துக்கொண்டு வாயை இறுக்கி மூடியபடி இருப்பாள். தாதி மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்பாள். அரை மணித்தியாலம் முடிந்ததும் வாங்கிக்கொண்டு போவாள். வீட்டில் ரஞ்சினி பால் கட்டி நெஞ்செல்லாம் கல்லாகி, காய்ச்சலோடு கிடந்தாள். எனக்கு அந்தக் குழுவை ஒவ்வொருவராகப் பிடித்து உலுப்ப வேண்டும்போல் இருந்தது. உலுப்பாமல், வரச் சொன்ன நேரத்துக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் குழு ஒரு நிபுணரை அழைத்தது. பெயரைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. கதிர்காமநாதன் அண்ணை. மெல்பேர்ண் தமிழ் இலக்கியச் சபையின் தலைவர். பகலில் ரயில்வேயில் பாலம் பார்க்கிற என்ஜினியர். சபைக்குப் பதினொரு அங்கத்தவர்கள், அவர்களில் ஒன்பது பேர் அவருடைய பேச்சு எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். தமிழன் ஒருவன் வருகிறான், ஐயா இது வெறும் தாலாட்டு என்று ஒரு வசனம் சொன்னால் போதும், பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். அன்று இரவே ரெலிபோனில் கெஞ்சினேன்.

"தம்பி, நீர் யோசியாதையும்," என்றார். "நான் நாப்பத்திரண்டு பக்கம் எழுதியிட்டன்."

அந்த நாற்பத்திரண்டு பக்கத்தையும் அவர் அடுத்த நாள் வாசித்தார். தாலாட்டின் வடிவம் என்பது மிக நுட்பமானது என்று தொடங்கினார். முதலில் வினா, பிறகு சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியல், பிறகு ஆயுதம், ஈற்றில் தண்டனை. உலக மொழிகள் நீதிமன்றம் காணுமுன்னே தமிழ்த்தாய் தொட்டிலருகே நீதிமன்றம் கண்டுவிட்டாள் என்று சொல்லி, கைதட்டலுக்காக ஒருமுறை நிறுத்தினார். சுவை பற்றிச் சொல்லும்போது, மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு இது அன்பு போலத் தோன்றும், ஆழ்ந்து பார்த்தால் அடியில் அழுகையும், அழுகைக்கு அடியில் வெகுளியும் உண்டு என்று நிறுவினார். மிஸ் பென்லி வெகுளி என்றால் என்ன என்று கேட்டாள். கொலைவரை செல்லத்தக்க கோபம் என்று விளக்கினார். மூலையிலிருந்த இரண்டு கனவான்களும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

டொக்டர் ஹார்கிரீவ்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். எல்லாம் சரி, உங்கள் கருத்தில் இந்தப் பிள்ளையை யாராவது அடித்தார்களா இல்லையா என்று நேரடியாகக் கேட்டார். கதிர்காமநாதன் அண்ணை தாள்களை அடுக்கி ஓரத்தைத் தட்டினார்.

"அது இலக்கியத்தின் எல்லைக்கு வெளியே," என்றார்.

குழு அவரை உடனடியாக ஐந்தாவது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. வெளியே வந்து என் தோளில் தட்டினார், எப்படி என்று கேட்டார். நான் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். வெளியே எடுத்திருந்தால் அடுத்த பாட்டில் என் பெயர் நிச்சயம் வந்திருக்கும்.

பதினேழாம் நாள் கடைசி அமர்வு. இன்னும் நாலே நாள். நாட்டுப்புறக் குடும்பத்துக்கு அறிவித்தாயிற்று என்று காலையில் தாதி என்னிடம் இரகசியமாகச் சொன்னாள். வடிவம் தெளிவாகிவிட்டது, மனநிலைதான் இன்னும் அளக்கப்படவில்லை என்பது குழுவின் கருத்து. ஆகையால் தாய் குழுவின் முன்னால் பிள்ளையை மடியில் வைத்துப் பாட வேண்டும், நிபுணர் உடனுக்குடன் மொழிபெயர்க்க வேண்டும். மேசையில் ஒலிப்பதிவுக் கருவி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். முகம் சிவந்து, கை கால் விறைத்து, குரல் கம்மிப்போய் அழுதுகொண்டிருந்தான். பதினேழு நாளில் அவனுக்கு அழுகையைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

நான் ரஞ்சினியின் காதுக்குள் சொன்னேன், ஆட்களை எடுத்துவிட்டுப் பாடும், நிலா, கிளி, மான் என்று ஏதாவது பாடும், சிரித்தபடி பாடும். அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையை வாங்கித் தோளோடு அணைத்தாள். பிறகு அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பாடத் தொடங்கினாள்.

ஆர் தொட்டு அழுகிறாய் அப்பு, ஆர் சொல்லி விம்முகிறாய்?
டொக்டர்ப் பெரியப்பா தாளாலே தட்டினாரோ?
பென்லிச் சின்னம்மா பேனையாலே குத்தினாவோ?

நான் அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் நிறுத்தவில்லை.

மூலையில ரெண்டு மாமா முழியாலே வெருட்டினரோ?
சபைத் தலைவர் மாமா தமிழாலே எறிஞ்சாரோ?

பிள்ளையின் அழுகை விக்கலாகியது. அவள் அவனுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியாக என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

அப்பாவும் எறிஞ்சாரோ ஆங்கிலத்தை வாரியெடுத்து?
ஆரெண்டாலும் போகட்டும், நீ நித்திரை கொள் ராசா.

பிள்ளை நித்திரையாகிவிட்டான். பதினேழு நாளில் முதல் தடவையாக அந்தக் கட்டிடத்தில் அவன் குரல் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியின் உறுமல் மட்டும் கேட்டது.

என்ன பாடினா என்று டொக்டர் ஹார்கிரீவ்ஸ் மெல்லக் கேட்டார். மொழிபெயர்க்க வேண்டியவர் கதிர்காமநாதன் அண்ணை. அவர் மழுப்பினால் எல்லாம் கெட்டுப்போகும் என்று பயந்தேன். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தேன், மலர்ந்திருந்தது. முப்பது வருடம் மற்றவர்கள் பாடிய பாட்டைப் பற்றிப் பேசித் திரிந்தவர். அவரை யாரும் எந்தப் பாட்டிலும் போட்டதில்லை.

"என்னையும் போட்டிருக்கிறா," என்று முதலில் தமிழில் சொன்னார். பிறகு ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார், தான் வருகிற வரியை இரண்டு தடவை.

மிஸ் பென்லி விதிப் புத்தகத்தைத் திறந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் நேர்மையான பெண், விதி என்றால் தனக்கும் விதிதான். பாட்டில் பெயர் வந்த எவரும் ஐம்பது அடிக்குள் நிற்கக்கூடாது என்ற ஏழாம் விதியை உரத்து வாசித்தாள். வாசித்து முடித்ததும் பேனையை மூடி வைத்துவிட்டு எழுந்து கதவை நோக்கிப் போனாள். கனவான்கள் இரண்டு பேரும் பின்னால் போனார்கள். டொக்டர் ஹார்கிரீவ்ஸ் வாசலில் நின்று, தான் ஒன்றும் செய்யவில்லை, பிள்ளையைத் தொட்டதேயில்லை என்று என்னிடம் சொன்னார். ஓம் ஐயா, என்ர தம்பியும் அதைத்தான் சொன்னவன் என்றேன், தமிழில். அவர் போனார். கதிர்காமநாதன் அண்ணைக்குப் போக மனமில்லை, ஆனாலும் போனார். என் பெயரும் வந்ததால் நானும் போகவேண்டியிருந்தது. நடைபாதையில் ஐம்பது அடி எண்ணி நடந்து சுவரோடு நின்றேன்.

ரஞ்சினி பிள்ளையோடு தனியாக வெளியே வந்தாள். படியடியில் காவற்காரன் மறித்து, குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டான். அனுமதி தரக்கூடியவர்கள் எல்லாரும் பிள்ளைக்குக் கிட்ட வரக்கூடாதவர்கள். அவன் குழுவைத் தேடி மேலே ஓடினான். அவள் நிற்கவில்லை, படி இறங்கி, கார் நின்ற இடத்துக்குப் போய், சோக்குக் கோட்டடியில் நின்ற தம்பியிடம் பிள்ளையை நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பிடியடா என்றாள். பிடித்தான்.

நான் எட்டத்தில் வந்தேன். ரஞ்சினியைக் கேட்காமல் காரில் ஏற எனக்குத் துணிவு வரவில்லை. எழுதிக் கொடுத்தது நான்தான் என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். தெரியும், ஏறுங்கோ என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து தடித்த கடிதம் வந்தது. குழு தன் மீதான குற்றச்சாட்டைத் தானே தீர விசாரித்ததாம். ஐந்து உறுப்பினர்களும் தனித்தனியே சாட்சியம் அளித்தார்களாம். தாள், பேனை, முழி, தமிழ் ஆகியவை பரிசோதிக்கப்பட்டனவாம். பிள்ளையை அழவைத்தவர் எவரும் இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்துக் கோப்பை மூடிவிட்டார்களாம். எங்களுடைய பண்பாட்டுப் பங்களிப்புக்கு டொக்டர் ஹார்கிரீவ்ஸ் தன் கைப்பட நன்றி எழுதியிருந்தார்.

இந்த முறை நான் ஒரு சொல்லையும் அலங்கரிக்காமல் ரஞ்சினிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பிள்ளை அவளுடைய மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான். முடிவு வரியை இன்னொருக்கா வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"ஒருத்தரும் இல்லையாமோ?" என்றாள். "அப்ப பதினேழு நாள் என்ர பிள்ளை ஆர் தொட்டு அழுதவன்?"

கடிதத்தின் அடியில், குழுவின் சேவையில் உங்களுக்குத் திருப்தியா என்று ஒரு சொல்லில் எழுதி அனுப்ப ஒரு படிவம் வைத்திருந்தார்கள். நான் பேனையை எடுத்தேன். ரஞ்சினி பிள்ளையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, அந்தப் பேனையை என்னிடமிருந்து வாங்கி வைத்துவிட்டாள்.